மேலே வரை ஆறு அங்குலம்

சிகாகோ
ஜனவரி 23, 1994

எமில்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. டூசானில் வெயில் அடிக்கிறது, நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கே போன வாரம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ஸ்டேஷன் டிக்கெட் கூண்டுக்குள் காலடியில் ஹீட்டர் வைத்துக்கொண்டும் எனக்கு முட்டி விறைத்துப்போனது.

சம்மதப் படிவம் வந்தது. உன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, என்னுடையது எங்கே என்று பென்சிலால் குறி வேறு வைத்து அனுப்பியிருக்கிறாய். உணவு ஏற்றும் வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டால் நம் பிள்ளை ரோமன் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ இருப்பான் என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. வண்டி தாமதம் என்று அறிவிப்பதுபோல் சொன்னாய். அன்றைக்குத்தான் போனை வைத்தேன். இனியும் போன் வேண்டாம். கடிதம் என்றால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவரால் குறுக்கே கத்த முடியாது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிடிவாதம் என்று நினைக்காதே. காரணம் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரோமனின் பொம்மை ரயிலை நம் பேஸ்மென்டிலிருந்து இல்லத்தில் அவன் அறைக்குக் கொண்டுபோனேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் எட்டடிப் பலகை அடித்துக் கொடுத்தார்கள். தெருவுக்கு மேலே ஓடும் நம் ஊர் ரயிலைப்போல அவன் செய்த தூண்களை அதன்மேல் வரிசையாக நிறுத்தி, பாதையைப் பூட்டி, இரண்டு பெட்டிகளை ஏற்றினேன். என் கையில் ஒரு குமிழ். திருப்பினால் ஓடும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், மற்றதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது.

எமில், அவன் பார்க்கிறான். ரயில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனால் கண் கூடவே போகிறது. அது நின்றால் கண்ணும் நிற்கிறது. திரும்பி வந்தால் திரும்பி வருகிறது. மூன்று வருஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளை. வெர்னெட்டாவைக் கேள், பகலில் அவனைக் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்கவைக்கும் பெண். "அம்மா, உங்க புள்ள ரயிலு நான் ஏறி வர்ற பஸ்ஸை விட ஒழுங்கா நேரத்துக்கு வருது" என்று சிரிக்கிறாள்.

ஒரு குறைதான். ரயில் வெறும் பாதையில் எங்கேயோ நின்று எங்கேயோ கிளம்புகிறது. ஸ்டேஷன் இருந்தால் அது எங்கே நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கலாம். ஆளுக்கு எதிர்பார்க்க ஏதாவது வேண்டும். அவன் ஸ்டேஷனே செய்யாமல் விட்டுவிட்டான், உனக்குத் தெரியும். இரண்டு ஸ்டேஷன் போதும். என்னால் முடியாது, உன்னால் முடியும். கேட்கப் பிடிக்காமல்தான் கேட்கிறேன்.

லொரெட்டா


டூசான்
பிப்ரவரி 2, 1994

லொரெட்டா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டெலியாவும் படித்தாள். நான் காட்டவில்லை, மேஜையில் விட்டுப்போனதால் படித்தாள். அவள் அழுதாள். நான் அவளோடு இருப்பதால் உனக்கு அவளைப் பிடிக்காது, அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

நான் சூரியனைத் தேடி ஓடிவந்தவன் என்றே வைத்துக்கொள். ஆனால் முதல் பதினான்கு மாதம் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பந்து விளையாடப்போன இருபத்தேழு வயதுப் பிள்ளை மைதானத்தில் இதயம் நின்று விழுந்தான். பதினொரு நிமிஷம் கழித்துத்தான் அதை மறுபடி ஓடவைத்தார்கள். அதற்குள் மூளை போய்விட்டது. அந்தப் பதினொரு நிமிஷத்தை நான் ஒருநாளும் கூட்டிக் குறைத்துச் சொன்னதில்லை, நீ சொல்கிறாய். பாதிரியாரிடம் ஏழு நிமிஷம் என்று சொன்னாயாம். என்னைப் பற்றி வேறு ஏதோ சொன்னாயாம், அதை விட்டுவிடுகிறேன்.

அவன் கண் முன்பும் அசைந்தது. என்னையே பார்க்கிறான் என்று நான் ஒரு வாரம் நம்பினேன். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன். அவன் நான் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை உன்னிடம் சொல்லாததுதான் நான் செய்த தப்பு. சொல்லாமல் மூட்டையைக் கட்டினேன்.

சரி, ஸ்டேஷன் செய்கிறேன். ஒரு நிபந்தனை. ஸ்டேஷன் வந்த பிறகும் அவன் ரயிலோடு போய், ரயிலோடு நின்றால் நீ எழுது. நீ எழுதினால் நம்புவேன், ஆள் வைத்து விசாரிக்க மாட்டேன். அந்த நிமிஷமே என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் நீ போட வேண்டும்.

"நிக்க இடமில்லாத ரயில்ல யாருடா ஏறுவான்" என்று நான் அவனைக் கேலி செய்தது உனக்கு நினைவிருக்கும். "ஸ்டேஷன்லாம் அம்மா டிபார்ட்மென்ட்" என்பான்.

அளவு அனுப்பு. பலகையிலிருந்து மேலே வரை எத்தனை உயரம், இரண்டு பெட்டியும் சேர்த்து எத்தனை நீளம், பெட்டியின் அகலம் எத்தனை. ரோமனின் இரும்பு அளவுகோலால் அள. துணி டேப் வேண்டாம், அது இழுத்த இழுப்புக்கு வரும்.

எமில்


சிகாகோ
பிப்ரவரி 9, 1994

எமில்,

ஏழு நிமிஷம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியாருக்குக் காது சரியில்லை.

நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டாயாம். அதை இரண்டு வருஷம் கழித்து டூசானிலிருந்து தபாலில் சொல்கிறாய். அன்றே சொல்லியிருந்தால் உன்னை அறைந்திருப்பேன், ஆனால் நீ போனதற்கு ஒரு காரணம் இருந்தது என்றாவது தெரிந்திருக்கும். நான் இத்தனை நாளும் டெலியாதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அளவு இதோ. இரும்பு அளவுகோலால்தான் எடுத்தேன்.

பலகையிலிருந்து மேலே வரை ஆறு அங்குலம். இரண்டு பெட்டியும் சேர்ந்து இருபத்து நான்கரை நீளம். அகலம், பெரிதாக இருக்கும் இடத்தில், இரண்டே கால்.

ஒரு ஸ்டேஷனுக்கு ஹார்டன் தெரு என்று பெயர் எழுது, என் கூண்டு இருக்கும் இடம். மற்றதற்கு மில்பர்ன். சின்ன வயதில் அவனை அங்கே கூட்டிப்போய் நீ தண்டவாளம் பழுது பார்ப்பதைக் காட்டுவேன். பாதைமேல் ஆரஞ்சுச் சட்டை போட்டவர்களில் எது அப்பா என்று கேட்டால் எல்லோரையும் காட்டுவான்.

படி, கூரை எல்லாம் சரியாக இருக்கட்டும். விளையாட்டுச் சாமான் மாதிரி செய்து அனுப்பாதே. அவன் பார்க்கப்போகிறான்.

நேற்று ரயிலை ஆறு தடவை ஓட்டினேன். ஆறு தடவையும் போய் வந்தான். வெர்னெட்டா முகம் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துக்கொண்டு நின்று பார்த்தாள். "பாத்தியா?" என்றேன். "ஏதோ பாக்குறாப்லதான் இருக்கு அம்மா" என்றாள். அவளுக்கு எதையும் முழுசாகச் சொல்லிப் பழக்கமில்லை.

லொரெட்டா


டூசான்
மார்ச் 3, 1994

லொரெட்டா,

இரண்டு ஸ்டேஷனும் இன்று தபாலில் ஏறிவிட்டன. பெட்டியை நிமிர்த்தியே பிரி. மேல் பக்கம் எது என்று நான்கு புறமும் எழுதியிருக்கிறேன், அப்படியும் தபால்காரன் தலைகீழாகத்தான் கொண்டுவருவான்.

முதல் வாரம் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தேன். உன் வாயை அடைக்க ஒரு ஸ்டேஷன் என்று டெலியாவிடம் சொன்னேன். "வாய அடைக்கிறவன் படிக்கட்ட எதுக்கு எண்ணி எண்ணி ஒட்டுறான்?" என்று கேட்டாள். முப்பத்தொரு படி. ஹார்டன் தெருவில் முப்பத்தொன்றுதானே? மனதுக்குள் ஏறிப் பார்த்துத்தான் எண்ணினேன். பன்னிரண்டாவது படிக்கு மேல் ஒரு திருப்பம் வரும், அங்கே எப்போதும் ஒருவன் பேப்பர் விற்றுக்கொண்டு வழியை மறிப்பான்.

பிளாட்பாரப் பலகையை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு. காபி கலக்கும் குச்சிதான். கடைக்காரி நான் குச்சியைக் கைநிறைய அள்ளுவதைப் பார்த்துவிட்டு, "சார், காபியும் கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றாள். பலகைகளுக்கு நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டிருக்கிறேன், பனி உருகினால் கீழே சொட்டுவதற்கு. இந்த ஊரில் பனி எது என்று கேட்காதே. குளிரில் மக்கள் ஒண்டிக்கொள்ளும் அந்தச் சூடு தரும் சிவப்பு விளக்குக் கூரையும் வைத்தேன். இரண்டிலும் விளக்கு எரியும்.

ஹார்டன் தெருக் கூண்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். உற்றுப் பார்த்தால் கோபமாக இருப்பது தெரியும்.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, லொரெட்டா. கூரைத் தகரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் சற்று உயர்த்தினால் அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அப்படியே கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்து எத்தனை நாளாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பழகிவிட்டாய், எனக்கு நம்பிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

வைத்துப் பார்த்ததும் எழுது. உடனே எழுது.

எமில்


சிகாகோ
மார்ச் 14, 1994

எமில்,

ஸ்டேஷன் இரண்டும் பத்திரமாக வந்தன. ஒரு படிகூட உடையவில்லை. பொருந்திவிட்டன. ரயில் நிற்கிறது, கிளம்புகிறது. அவனும் முன்போலவே பார்க்கிறான்.

கூண்டுக்குள் இருப்பவளைப் பார்த்தேன். என் மூக்கு அவ்வளவு நீளமில்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

லொரெட்டா


டூசான்
மார்ச் 22, 1994

லொரெட்டா,

உன் கடிதம் வந்த அன்றே அந்த இல்லத்துக்குப் போன் செய்து என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தப் படிவம் இனிச் செல்லாதாம், உன்னிடம் இருப்பதைக் கிழித்துவிடு. டெலியா கேக் செய்தாள். ஈஸ்டருக்கு மறுவாரம் சிகாகோ வர டிக்கெட்டும் போட்டோம். அவள் வரமாட்டாள், நான் மட்டும்.

பிறகு கை சும்மா இருக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று செய்து கையில் கொண்டுவரலாம் என்று உன் அளவுக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

பலகையிலிருந்து மேலே வரை ஆறு அங்குலம் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு முப்பது வருஷமாக மேலே என்றால் தண்டவாளம். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான், "மேல போறேன்" என்றால் பாதைமேல் நடக்கப்போகிறான் என்று அர்த்தம். அதனால் தண்டவாளம் ஆறில் இருப்பதாகக் கொண்டு, பிளாட்பாரத்துக்கு அதற்கு மேல் ஒரு அங்குலம் சேர்த்து ஏழில் செய்தேன். ஆனால் ரோமன் தண்டவாளத்தை ஐந்தில்தான் வைத்தான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான். இருபது அடித் தெரு உயரம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, ஐந்து அங்குலம். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

நீ கூண்டுக்காரி. உனக்கு மேலே என்றால் பிளாட்பாரம். "மேல போங்க, வண்டி வருது" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள், ஜனங்கள் கால் வைக்கும் இடத்தைத்தான் நீ அளந்திருப்பாய். பெட்டியின் வாசல்படி உயரத்தை அளந்திருக்கிறாய்.

ஆக என் பிளாட்பாரம் ஒரு அங்குலம் தூக்கலாக இருக்கிறது. நம் வண்டிக்கு வாசல்படி மட்டத்தில் உடம்பு ஒடுங்கி, ஜன்னல் மட்டத்தில் வயிறு தள்ளியிருக்கும். பிளாட்பார ஓரத்தை ஒடுங்கிய இடத்துக்கு ஒட்டித்தான் வெட்டினேன், நூல் பிடித்தாற்போல். அது ஜன்னல் மட்டத்துக்கு வந்தால் வயிற்றில் இடிக்கும். முதல் பெட்டியின் மூக்குகூட உள்ளே போகாது.

பொருந்திவிட்டன என்று எழுதினாய். ரயில் நிற்கிறது, கிளம்புகிறது என்று எழுதினாய். லொரெட்டா, அந்த ரயில் ஸ்டேஷனுக்குள் போயிருக்கவே முடியாது.

நீ ஸ்டேஷனின் காலைச் சீவி உயரத்தைக் குறைத்திருந்தால், அதைச் சொல்லி என்னை ஒரு பக்கம் திட்டியிருப்பாய். திட்டு வரவில்லை. என்ன நடந்தது?

எமில்


சிகாகோ
மார்ச் 30, 1994

எமில்,

நீ இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டாம் என்று உன்னோடு வாழ்ந்தபோதே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் பத்தாம் தேதி மத்தியானம் வேலை முடிந்து போனேன். வெர்னெட்டாவும் நானும் ஸ்டேஷன்களை எடுத்து வைத்தோம். அவள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தக் கூண்டுல இருக்கறது நீங்கதானே அம்மா, பாத்தாலே டிக்கெட் இல்லாதவன் ஓடிருவான்" என்றாள். விளக்கைப் போட்டோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தலையணை வைத்து, அவன் முகத்தை நேராக்கினோம். குமிழைத் திருப்பினேன்.

ரயில் கிளம்பி ஹார்டன் தெருவுக்கு வந்து, நீ சொன்ன மாதிரியே, வாயிலில் இடித்துக்கொண்டு நின்றது. சக்கரம் மட்டும் சுற்றியது. நான் எழுந்து போய் உன்னைத் திட்டிக்கொண்டே பெட்டியைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சிக்கிக்கொண்டது. "வெர்னெட்டா, இத கொஞ்சம் புடி" என்று திரும்பினேன். அவள் ரயிலைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றாள்.

அவன் கண் ஹார்டன் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எமில். வெறும் பாதைமேல், அதே மெதுவான போக்கில், பாதையின் கடைசிவரை போனது. அங்கே நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. ரயில் என் கையில் இருந்தது.

அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் ரயிலைப் பாதையிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டேன். வெறும் பாதையை அவனுக்கு முன்னால் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். போனது, நின்றது, வந்தது. பத்தொன்பது தடவை. நான் குமிழைத் திருப்புவதற்காகக் காத்திருந்ததுகூட இல்லை. யோசித்துப் பார்த்தால் இத்தனை நாளும் நான்தான் அவன் கண் கிளம்புவதைப் பார்த்து என்னை அறியாமல் குமிழைத் திருப்பியிருக்கிறேன். அவன் கண் நிற்கப்போகும் இடத்தில் ரயிலை நிறுத்தியிருக்கிறேன். ஓட்டியது நான், பின்தொடர்ந்ததும் நான். அவன் எதையும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் பொருந்திவிட்டது என்று உனக்கு எழுதினேன். நீ கையெழுத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். நீ எழுதினால் நம்புவேன் என்று சொன்னாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷம் எத்தனை பேர் செல்லாத டிக்கெட்டை என் கண்ணாடிக்கு முன்னால் நீட்டியிருப்பார்கள். நீட்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று என் கை அப்படி இருந்தது.

பிறகு உன் கடிதம் வந்தது. டெலியா கேக் செய்தாள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். நீ திரும்ப நம்ப ஆரம்பித்துவிட்டாய். உன்னை அதற்குள் இழுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். இதைவிட மோசமாக உனக்கு நான் எதுவும் செய்ததில்லை. நீ எனக்குச் செய்ததையெல்லாம் சேர்த்தாலும் இது பெரிது. மன்னித்துவிடு.

வேறு யாரிடமும் கேட்க வேண்டாம் என்று பதினாறு நாள் தொடர்ந்து பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் வெர்னெட்டா பார்த்தாள். நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன், உன் மாதிரியே. விளக்கை அணைத்துப் பார்த்தேன். கடைசியில் பாதையைத் துணியால் மூடிப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

புதுப் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வெர்னெட்டாதான் பக்கத்தில் நின்றாள். "தேதி போடுங்க அம்மா" என்றாள், போட்டேன். சொன்னபடி வா. வரும்போது உன்னுடையதையும் போட்டுக் கொண்டுவா. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் நீ இருக்க வேண்டும். டெலியாவும் வரட்டும், பேஸ்மென்டுக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. ரோமனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் போய் உட்கார்கிறேன், எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிறேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நீ வந்த பிறகு இருவருமாகச் சொல்லலாம்.

லொரெட்டா